சொத்து வோட்டு ஒழிந்ததா?

2024-ஆம் வருஷம் நடந்தேறிய லோக்சபைத் தேர்தலில் நமது தேசத்து வோட்டர் ஜாபிதாவில் இடம் பெற்றிருந்தோர் ஏறக்குறைய 98 கோடிப் பேர். அவர்களுள் வோட்டளித்தோர் 64 கோடிக்குச் சற்று மேற்பட்டவர். உலகத்தில் வேறெந்தக் குடியரசும் இத்துணைப் பெரிய தேர்தலை நடத்தியதில்லை என்று நாம் பெருமை பாராட்டிக் கொள்வது நியாயமே. ஆயினும், ஜாபிதாவிலிருந்தோரில் மூன்றில் ஒரு பங்கினர், அதாவது 33 கோடிப் பேர், வோட்டுச் சாவடிக்கு வரவில்லை என்பதும் அதே கணக்கிலிருந்து பெறப்படும் செய்தியாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மொத்த ஜனத்தொகைக்கு இது ஏறக்குறைய ஈடான தொகை.

இவர்கள் ஏன் வரவில்லை? ஒவ்வொரு தேர்தல் முடிந்த மறுநாளும் மேடைகளிலே கூறப்படும் விடை ஒன்றே. ஜனங்களுக்குச் சிரத்தை போதாது என்பதே அது. சொல்வதற்கு எளிய விடை. சொல்வோருக்கு யாதொரு பொறுப்பையும் சுமத்தாத விடை. குற்றம் முழுவதையும் வராதவன் தலையிலே சுமத்திவிடும் விடை. ஆனால் அந்த வராதவன் யார்? அவன் வயது என்ன? ஆணா, பெண்ணா? எவ்வூரில் பிறந்து எவ்வூரில் பிழைக்கிறான்? ஒரு நாட் கூலியை இழக்க அவனால் இயலுமா? இக்கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்ப்போமாயின், அசிரத்தை என்னும் ஒரு சொல்லில் அடங்காத உண்மைகள் பல வெளிப்படும். அவற்றை நமது வாசகர்களின் ஆலோசனைக்கு வைக்கவே இதனை எழுதத் துணிந்தோம்.

பழைய வாயிற்காப்பு

வோட்டுரிமை நம் நாட்டில் எவ்வாறு தொடங்கியது என்பதை இளைஞர்கள் அறிந்திருத்தல் அவசியம். 1919-ஆம் வருஷத்துச் சீர்திருத்தச் சட்டத்தின் கீழும், 1935-ஆம் வருஷத்து இந்திய சர்க்கார் சட்டத்தின் கீழும், வோட்டு என்பது பிரஜையின் உரிமையாக இருக்கவில்லை; நிலவரி செலுத்துவோனுக்கும், வீட்டுவரி செலுத்துவோனுக்கும், குறிப்பிட்ட படிப்புப் படித்தவனுக்கும் கிடைத்த சலுகையாகவே இருந்தது. 1937-ஆம் வருஷத்து மாகாணத் தேர்தல்களில் பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் வோட்டர்கள் சுமார் 3 கோடியே. உழுதவனும் நெய்தவனும் சுமை தூக்கியவனும் பெரும்பாலும் வாயிலுக்கு வெளியே நின்றனர்.

ஸ்திரீகளின் நிலைமை இதனினும் மோசமானது. 1917-ஆம் வருஷம் சென்னையில் மாண்டேகு துரையைக் கண்டு, புருஷருக்கு அளிக்கும் உரிமையை எமக்கும் அளிக்க வேண்டுமென்று ஸ்ரீமதி சரோஜினி நாயுடு முதலிய மாதரசிகள் கேட்டனர். பிரிட்டிஷார் அதனைத் தாமே தீர்க்காமல் மாகாணச் சபைகளின் இஷ்டத்துக்கு விட்டனர். சென்னைச் சட்டசபை 1921-ஆம் வருஷம் ஸ்திரீகளை வோட்டர்களாக ஏற்று, மாகாணங்களுக்குள் முதன்மை பெற்றது. இருந்தும், சொத்து என்னும் வேலி அப்படியே நின்றமையால், அவ்வுரிமை சென்றடைந்த ஸ்திரீகள் மிகச் சிலரே.

வயது வந்தோர் அனைவருக்கும் வோட்டு என்னும் கொள்கையை 1928-ஆம் வருஷத்து நேரு அறிக்கையும், 1931-ஆம் வருஷத்துக் கராச்சி காங்கிரஸ் தீர்மானமும் வலியுறுத்தின. அரசியல் நிர்ணய சபை அக்கொள்கையை 326-வது ஷரத்தாக அமைத்தது. எழுத்தறியாத ஜனங்கள் எங்ஙனம் வோட்டளிப்பர் என்று ஏளனம் செய்தோர் அன்று பலர். 1951-ஆம் வருஷத்து சென்ஸஸ்படி எழுதப் படிக்கத் தெரிந்தோர் நூற்றுக்கு 18 பேரே. ஸ்திரீகளில் நூற்றுக்கு 9 பேரே. அப்படியிருந்தும், முதல் தேர்தல் கமிஷனராகிய ஸ்ரீ சுகுமார் ஸென், ஒவ்வோர் அபேட்சகருக்கும் தனித்தனிப் பெட்டியும் சின்னமும் வைத்து, 17 கோடிக்கு மேற்பட்ட வோட்டர்களைக் கொண்ட முதல் பொதுத் தேர்தலை 1951-52-ல் நடத்திக் காட்டினார். நூற்றுக்குச் சுமார் 45 பேர் வந்தனர். சொத்து வோட்டு சட்டப் புஸ்தகத்திலிருந்து அன்றே மறைந்தது. வாழ்க்கையிலிருந்தும் மறைந்துவிட்டதா என்பதே நம் கேள்வி.

பெயர் சொல்லாத ஸ்திரீகள்

முதல் தேர்தலுக்கு ஜாபிதா தயாரித்தபோது நிகழ்ந்த ஒரு சம்பவம் இவ்விஷயத்தில் ஒரு சிறந்த பாடமாகும். வட இந்தியாவிலே பல ஸ்திரீகள், அந்நிய மனிதனிடம் தம் பெயரைக் கூறுவது தகாது என்று கருதி, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டுமே எழுதச் சொன்னார்கள். பெயரில்லாத வோட்டரை ஏற்பதில்லை என்று கமிஷன் உறுதியாக நின்றது. இதனால் சுமார் 28 லட்சம் ஸ்திரீகள் ஜாபிதாவிலிருந்து நீக்கப்பட்டனர். சட்டம் அவர்களுக்கு உரிமையைக் கொடுத்தது. ஊர் வழக்கம் அதனைப் பறித்தது.

பத்து வருஷங்களுக்குப் பின்னும் அந்த வழக்கத்தின் நிழல் நீங்கவில்லை. 1962-ஆம் வருஷத்துத் தேர்தலில் புருஷரில் நூற்றுக்கு 63 பேர் வோட்டளிக்க, ஸ்திரீகளில் 47 பேருக்கும் குறைவாகவே வந்தனர். ஸ்திரீகளுக்கு அரசியலில் இயல்பாகவே நாட்டமில்லை என்று அன்று தீர்ப்புக் கூறியவர்கள் உண்டு. காலம் அத்தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. 2014-ல் அவ்வித்தியாசம் நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே இறங்கிற்று. 2019-ல் ஸ்திரீகள் ஒரு மயிரிழை முந்தினர், 2024-லும் அங்ஙனமே. தமிழ் நாட்டின் 2024-ஆம் வருஷத்து ஜாபிதாவில் ஸ்திரீகள் 3 கோடியே 17 லட்சம். புருஷர் 3 கோடியே 6 லட்சம்.

அறுபது வருஷத்தில் ஸ்திரீகளின் இயல்பா மாறிற்று? மாறியவை அவர்களைச் சூழ்ந்திருந்த நிலைமைகளே. பெண்கள் பள்ளிக்கூடம் சென்றனர். வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் வோட்டுச் சாவடி இருக்க வேண்டுமென்று கமிஷன் விதி வகுத்தது. சாவடியிலே அவர்களுக்குத் தனி வரிசை ஏற்பட்டது. 73-வது அரசியல் திருத்தம் 1993-ல் அமுலுக்கு வந்து, பஞ்சாயத்து ஸ்தானங்களில் மூன்றில் ஒரு பங்கை அவர்களுக்கு ஒதுக்கிற்று. சுய உதவிக் குழுக்கள் அவர்களை வீட்டு வாயிலுக்கு வெளியே கூட்டி, கணக்கும் கடனும் பேச வைத்தன. இவற்றுள் இன்னதுதான் காரணமென்று ஒன்றைப் பிரித்துக் காட்டுதல் அரிது. எல்லாம் சேர்ந்தே தடைகளைத் தகர்த்தன என்பது வெளிப்படை.

கட்சிகள் இதனைக் கவனிக்கத் தவறவில்லை. பீஹாரில் 2010-ஆம் வருஷத்துச் சட்டசபைத் தேர்தல் முதற்கொண்டு ஸ்திரீகளின் வீதம் புருஷரின் வீதத்தை மிஞ்சி வருகிறது. அம்மாகாணத்தில் 2016-ல் மதுவிலக்கு வந்தது. தமிழ் நாட்டில் 2023 ஸெப்டம்பரில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் அளிக்கும் திட்டம் வந்தது. பீஹாரில் 2025-ஆம் வருஷத்துத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்கையில் ஸ்திரீகளின் கணக்கில் பத்தாயிரம் ரூபாய் வைக்கும் திட்டம் வந்தது. எவர் சாவடிக்கு வருகிறாரோ அவர் வீட்டுக் கதவைச் சர்க்கார் தட்டும் என்பது இவற்றால் விளங்கும் அரசியல் நியாயம். அந்நியாயத்தின் மறுபக்கத்தையும் வாசகர்கள் மறக்கலாகாது: வராதவன் வீட்டுக் கதவை எவரும் தட்டார். ஸ்திரீகளோ வோட்டராகிவிட்டனர், பிரதிநிதியாகும் வழி இன்னும் குறுகலாகவே இருக்கிறது. 2024-ல் 543 ஸ்தானங்களுள் அவர்களுக்குக் கிடைத்தவை 74.

எண்ணுக்குள் மறைந்த மனிதன்

பீஹாரில் 2025 நவம்பரில் நடந்த தேர்தலில் ஸ்திரீகளில் நூற்றுக்கு 71 பேருக்கு மேல் வோட்டளித்தனர்; புருஷரில் 63 பேருக்குக் குறைவாகவே வோட்டளித்தனர். இவ்வித்தியாசத்தைக் கண்டு ஸ்திரீகளின் ஊக்கத்தைப் போற்றுவோர் போற்றட்டும்; நாமும் போற்றுகிறோம். ஆனால் வக்கீல்கள் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது போல் இந்த எண்ணையும் விசாரித்தல் வேண்டும். பீஹார் கிராமத்து ஜாபிதாவில் பெயருள்ள புருஷரில் பெருந்தொகையினர் அன்று கிராமத்தில் இல்லை. பஞ்சாபின் வயல்களிலும், சூரத்தின் தறிகளிலும், திருப்பூரின் பனியன் தொழிற்சாலைகளிலும், சென்னையின் கட்டட வேலைகளிலும் அவர்கள் இருந்தனர். மனைவி வரிசையில் நின்றாள். கணவன் ஆயிரம் மைலுக்கு அப்பால் சாரத்தில் நின்றான். ஸ்திரீகளின் சிரத்தையைக் காட்டும் அதே எண், புருஷரின் அயலூர் வாழ்வையும் காட்டுகிறது.

இங்ஙனம் வெளியூரில் பிழைப்போர் எத்தனை பேர்? 2011-ஆம் வருஷத்து சென்ஸஸ், உள்நாட்டிலேயே இடம் பெயர்ந்தோர் 45 கோடிக்கு மேல் என்று கணக்கிட்டது. அவர்களில் பெரும்பகுதியினர் கலியாணமாகிப் புக்ககம் சென்ற ஸ்திரீகள் என்பது உண்மையே. அவர்களை நீக்கிய பிறகும், கூலிக்காகவும் உத்தியோகத்துக்காகவும் ஊர் விட்டவர்கள் பல கோடி. தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களிலிருந்து பெங்களூருக்கு வேலை தேடிச் செல்லும் நம்மவரும் இக்கூட்டத்தில் சேர்ந்தவர்களே.

சட்டம் இவர்களை எங்ஙனம் நடத்துகிறது? 1950-ஆம் வருஷத்து ஜனப் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 19-வது பிரிவு, ஒருவன் எத்தொகுதியில் வழக்கமாக வசிக்கிறானோ அத்தொகுதியில் பதிவு பெறலாம் என்கிறது. 20-வது பிரிவு, ஓர் ஊரில் சொந்த வீடு இருப்பது மட்டுமே அங்கு வசிப்பதாகாது என்கிறது. தற்காலிகமாக வெளியூர் செல்வதால் வசிப்பிட உரிமை போகாது என்றும் கூறுகிறது. நிலைத்த வாழ்வுடையவனுக்கு இவ்வாசகங்களில் தொல்லை ஒன்றுமில்லை. எட்டு மாதம் திருப்பூரிலும் நான்கு மாதம் தன் கிராமத்திலும் வாழ்பவனுக்கோ, இரண்டு வாயிலும் பாதி மூடியிருக்கின்றன. திருப்பூரில் பதிவு செய்யப் போனால் வாடகைச் சீட்டு எங்கே என்கிறார்கள். ஓர் அறையில் எட்டுப் பேராகத் தங்கும் அவனுக்கு எந்த வீட்டுக்காரர் சீட்டு எழுதிக் கொடுப்பார்? ஊரிலேயே பெயர் இருக்கட்டும் என்று விட்டால், வோட்டளிக்க ஊருக்குப் போக வேண்டும். ரயில் பயணம் மட்டும் போக இரண்டு நாளுக்கு மேல். வர இரண்டு நாளுக்கு மேல். 1951-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 135-பி பிரிவு தேர்தல் நாளன்று கூலியுடன் விடுமுறை தர முதலாளியைக் கட்டாயப்படுத்துகிறது. தினக்கூலிக்காரனுக்கும் அது உண்டு. ஆனால் அது ஒரே ஒரு நாள். மீதி நாட்களின் கூலியும் ரயில் சத்தமும் அவன் கையிலிருந்து போக வேண்டும்.

இதுவே நாம் கூற வந்த விஷயம். அக்காலத்தில் வரி ரசீது காட்டியவனுக்கு மட்டும் வோட்டுக் கிடைத்தது. இக்காலத்தில் எவனும் ரசீது காட்ட வேண்டுவதில்லை. ஆனால் வெளியூர்த் தொழிலாளி தன் வோட்டைப் போடுவதற்குப் பத்து நாட் சம்பாத்தியத்தைச் செலவிட வேண்டியிருக்கிறது. முன்வாயிலில் துரத்தப்பட்ட சொத்து வோட்டு, பின்வாயிலில் ரயில் டிக்கெட்டின் உருவத்தில் நுழைந்திருக்கிறது.

ஜாபிதாவைத் திருத்தும்போது இந்த அபாயம் இரட்டிக்கிறது. 2025-ல் பீஹாரில் நடந்த விசேஷத் திருத்தத்தில், ஆகஸ்டு 1-ந் தேதி வெளியான நகல் ஜாபிதாவில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இடம் பெறவில்லை. நீக்கப்பட்டோரின் பெயர்களையும் காரணங்களையும் பகிரங்கமாக வெளியிட வேண்டுமென்று ஸுப்ரீம் கோர்ட்டு அதே மாதம் 14-ந் தேதி உத்தரவிட்டது. அவ்வருஷ டிஸம்பரில் தமிழ் நாட்டின் நகல் ஜாபிதா வெளியானபோது 97 லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் விடுபட்டிருந்தன. அவற்றில் 66 லட்சத்துக்கு மேல் இடம் பெயர்ந்தோர் என்றே குறிக்கப்பட்டன. இறந்தவர் பெயரும் இரட்டைப் பதிவும் நீங்க வேண்டியது அவசியமே, அதை மறுப்பாரில்லை. எனினும், வீடு மாறினவன் பெயரை ஓரிடத்தில் அடிப்பது ஒரு நாள் வேலை. மற்றோரிடத்தில் சேர்ப்பது பல நாள் அலைச்சல். அடிக்கும் கையும் சேர்க்கும் கையும் ஒரே வேகத்தில் இயங்காவிடின், இடையில் நிற்பவன் பிரஜையாக இருந்தும் வோட்டராக இல்லாமற் போகிறான்.

நகரமும் கிராமமும்

மேல் நாடுகளில் படித்தவரும் பணக்காரரும் மிகுதியாக வோட்டளிக்க, ஏழைகள் பின்தங்குவது வழக்கம். அங்கே முதியோர் வோட்டளிக்கும் வீதம் இளைஞரின் வீதத்தைவிட மிக உயர்ந்தும் இருக்கும். நம் நாட்டிலோ ஏழைகள் பணக்காரருக்குப் பின்வாங்குவதில்லை. கிராமம் நகரத்தை முந்துகிறது. 2024-ல் தருமபுரித் தொகுதியில் நூற்றுக்கு 81 பேர் வோட்டளித்தனர்; மத்திய சென்னையில் 54 பேரே. ஒரே நாள், ஒரே மாகாணம், ஒரே வெயில். சென்னையிலோ பஸ்ஸும் ரயிலும் உண்டு. பத்திரிகைகளும் ரேடியோவும் டெலிவிஷனும் உண்டு. கூப்பிடு தூரத்தில் சாவடியும் உண்டு.

இதற்கு இரண்டு காரணங்களைக் கூறலாம். ஒன்று, கிராமத்து ஏழைக்கு வோட்டு ஒரு பிடிமானம். ரேஷன் அரிசி, முதியோர் பென்ஷன், தெருக் குழாய், ஊர்ச் சாலை ஆகியவை யாவும் சர்க்கார் தயவால் வருவன. சர்க்காரைத் தட்டிக் கேட்க அவனிடம் வேறு கருவி இல்லை. மிராசுதாரும் பண்ணையாளும் ஒரே வரிசையில் நின்று, ஒரே மையை விரலில் இட்டுக்கொள்ளும் நாள் ஐந்து வருஷத்தில் ஒன்றே. அந்த நாளை அவன் தவற விடுவதில்லை. நகரத்துச் செல்வனுக்கோ தண்ணீர் லாரியில் வருகிறது. மின்சாரம் நின்றால் தன் யந்திரத்தில் உற்பத்தியாகிறது. பிள்ளை தனிப் பள்ளியில் படிக்கிறான். சர்க்கார் எதுவாயினும் தனக்கென்ன என்று அவன் எண்ணக்கூடும். 2024-ல் தமிழ் நாட்டின் தேர்தல் நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. மூன்று நாள் விடுமுறையாயிற்று என்று மலைவாசத்துக்குப் புறப்பட்டவர்களை அசிரத்தையாளர் என்று அழைப்பதில் நமக்குத் தடையில்லை.

மற்றொரு காரணம் ஜாபிதாவிலேயே இருக்கிறது. நகரத்தில் ஜனங்கள் வாடகை வீடு மாறிக்கொண்டேயிருப்பர். பழைய வீட்டுப் பெயர் அடிபடாமல் நிற்கும். சிலருக்கு இரண்டு இடத்தில் பதிவிருக்கும். வராதவர் என்று எண்ணப்படுவோரில் ஒரு பகுதியினர் அங்கே வசிப்பவரே அல்லர். ஆகவே நகரத்தின் குறைந்த வீதம் மனக்குறையையும் காட்டுகிறது. கணக்குக் குறையையும் காட்டுகிறது. இரண்டையும் பிரித்தறியாமல் நகரத்தாரை நிந்திப்பது முழு நியாயமாகாது.

இளைஞர் விஷயமும் இத்தகையதே. 61-வது அரசியல் திருத்தத்தின் மூலம் 1989 முதல் வோட்டு வயது 21-லிருந்து 18 ஆகக் குறைந்தது. ஆயினும் 2024-ஆம் வருஷத் தொடக்கத்தில் ஜாபிதாவிலிருந்த 18, 19 வயதினர் சுமார் 1 கோடியே 80 லட்சமே. அவ்வயதினரில் பாதிப் பேர்கூடப் பதிவு பெறவில்லை. 2022 முதல் வருஷத்துக்கு நான்கு தேதிகளைக் கணக்கில் கொண்டு பதிவு செய்யச் சட்டம் இடமளிக்கிறது. ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மாணவன் அங்கேயே பெயர் சேர்க்கவும் வழியுண்டு. வழியுண்டு என்பதை அவனுக்குச் சொல்வார்தான் இல்லை. எண்பத்தைந்து வயதுக் கிழவரின் வீட்டுக்கே அதிகாரிகள் சென்று 2024-ல் வோட்டு வாங்கினார்கள். கிழவரைத் தேடி மாடிப்படி ஏறிய சர்க்கார், கல்லூரி வாயிலுக்கு வர மறந்துவிட்டது.

ஜாதிக் கணக்கும் ஜனங்களின் மனமும்

ஜனத்தொகையை வைத்து வோட்டைக் கணிக்கலாம் என்றவுடன், நம் அரசியல்வாதிகள் ஜாதிக் கணக்கைக் கையில் எடுத்துக்கொள்கின்றனர். இன்ன தொகுதியில் இன்ன ஜாதியார் இத்தனை ஆயிரம். ஆகவே இன்னாரை நிறுத்தினால் ஜயம் நிச்சயம் என்பது அவர்களுடைய வாய்பாடு. ஜாதி வோட்டைப் பாதிப்பதில்லை என்று கூறுவது கண்ணை மூடிக்கொள்வதாகும். ஆனால் அது ஒன்றே முடிவு செய்கிறது என்பதைச் சரித்திரம் ஒப்பவில்லை. 1977-ஆம் வருஷத்துத் தேர்தலில் ஐக்கிய மாகாணமாயிருந்த உத்தரப் பிரதேசத்திலும் பீஹாரிலும் ஆண்ட கட்சிக்கு ஒரு ஸ்தானங்கூடக் கிடைக்கவில்லை. ஆந்திராவிலோ 42-ல் 41 கிடைத்தன. வடக்கிலே ஜாதிகள் ஓரிரவில் மாறிவிடவில்லை. நெருக்கடி நிலையின் கொடுமையை, முக்கியமாகக் கட்டாயக் கருத்தடையின் கொடுமையை, எவர் அதிகம் அனுபவித்தாரோ அவர் ஜாதி வித்தியாசமின்றி ஒரே பக்கம் சேர்ந்தனர். வயதும் பாலும் ஜாதியும் ஊரும் மனிதனை எந்த வாயிலில் கொண்டு நிறுத்தும் என்பதைச் சொல்லலாம். உள்ளே சென்றபின் அவன் என்ன செய்வான் என்பதை அவனுடைய அனுபவமும் மனச்சாட்சியுமே நிர்ணயிக்கும். ஆகவேதான் அவன் உள்ளே செல்வதைத் தடுப்பது பெரும் பாதகமாகிறது.

சிறைவாசிகளின் வழக்கு

சட்டமே மூடிவைத்த வாயில் ஒன்று உளது. 1951-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 62-வது பிரிவு, 5-வது உட்பிரிவு, சிறையிலும் போலீஸ் காவலிலும் உள்ளோர் வோட்டளிக்கலாகாது என்கிறது. தடுப்புக் காவல் கைதிக்கு மட்டும் விலக்குண்டு. குற்றம் நிரூபிக்கப்பட்டவனோடு விசாரணைக் கைதியும் இத்தடையில் அடங்குகிறான். 1997-ல் ஸுப்ரீம் கோர்ட்டு இதனைச் செல்லுமென்று தீர்ப்பளித்தது. 2022-ஆம் வருஷத்துச் சர்க்கார் கணக்கின்படி நம் சிறைகளில் இருந்தோரில் நூற்றுக்கு 75 பேர் விசாரணைக் கைதிகள்.

இதன் விளைவைப் பாருங்கள். குற்றவாளி என்று தீர்ப்பாகி, அப்பீல் செய்து, ஜாமீனில் வெளிவந்த செல்வன் வோட்டளிக்கலாம். குற்றம் எதுவும் நிரூபிக்கப்படாமல், ஜாமீன் தொகை கட்ட வழியின்றி உள்ளே கிடக்கும் ஏழை வோட்டளிக்கலாகாது. சிறையில் உள்ளவன் தேர்தலுக்கு நிற்கலாம் என்று 2013-ல் பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்திக் கொண்டது. நிற்கலாம், ஆனால் வோட்டளிக்கலாகாது! சொத்து வோட்டு இவ்விடத்தில் ஜாமீன் பத்திரத்தின் உருவத்தில் வீற்றிருக்கிறது. கோர்ட்டின் தீர்ப்புக்கு நாம் தலைவணங்குகிறோம். சட்டத்தை மாற்றும் அதிகாரம் பார்லிமெண்டுக்கு உண்டு என்பதையும் அதே வணக்கத்துடன் நினைவூட்டுகிறோம்.

செய்ய வேண்டுவது

வெளியூர்த் தொழிலாளியின் வோட்டுக்கு வழியே இல்லை என்று சிலர் கூறுவர். வழிகள் முன்னமே உள்ளன. எல்லையில் நிற்கும் சிப்பாய் தபால் மூலம் வோட்டளிக்கிறான். காஷ்மீரத்தை விட்டு வெளியேறிய குடும்பத்தார் ஜம்முவிலும் உதம்பூரிலும் டெல்லியிலும் அமைத்த விசேஷச் சாவடிகளில் தம் பழைய தொகுதிக்கு வோட்டளித்து வருகின்றனர். ஒரே சாவடியிலிருந்து 72 தொகுதிகளுக்கு வோட்டுப் பதிவு செய்யவல்ல யந்திரத்தின் மாதிரியைத் தேர்தல் கமிஷனே 2022 டிஸம்பரில் அறிவித்தது. 2023 ஜனவரியில் கட்சிகளைக் கூட்டிக் கேட்டபோது பல கட்சிகள் ஆட்சேபித்தன. 2024-ஆம் வருஷத்துத் தேர்தலில் அந்த யந்திரம் வைக்கப்படவில்லை.

ஆட்சேபத்தில் சாரமில்லை என்று நாம் கூறோம். திருப்பூர்ச் சாவடியில் பீஹார்க் கட்சிகளின் ஏஜெண்டுகள் எப்படி உட்காருவார்கள்? தொழிலாளியின் வோட்டு முதலாளியின் கண்ணுக்கு மறைவாயிருக்குமா? யந்திரத்தை எவர் பரிசோதிப்பார்? இவை விடை காண வேண்டிய கேள்விகளே. ஆனால் 1951-ல் ஸ்ரீ ஸென் எதிரில் நின்ற கேள்விகள் இவற்றைவிடக் கடினமானவை. எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்களுக்குச் சின்னத்தை வைத்து வழி கண்ட தேசம், ரயிலேறிச் சென்ற ஜனங்களுக்கு வழி காண இயலாதென்பதை நாம் ஒப்போம். யந்திரம் வேண்டாமென்றால் சிப்பாய்க்குள்ள தபால் முறை இருக்கிறது. ஒன்றிரண்டு ஜில்லாக்களில் சோதனையாகச் செய்து பார்க்கட்டும்; குறை கண்டால் திருத்தட்டும்.

அதுவரையில் உடனே செய்யக்கூடியவை சில உள. தொழிற்சாலைகளிலும் கட்டட வேலை ஸ்தலங்களிலும் அதிகாரிகளே சென்று பெயர் பதிவு செய்யட்டும். ஓரிடத்தில் பெயரை அடிக்குமுன் மற்றோரிடத்தில் சேர்ந்ததா என்று பார்ப்பதைக் கட்டாய விதியாக்கட்டும். கல்லூரியில் சேரும் நாளிலேயே மாணவனின் பதிவுப் பத்திரத்தையும் வாங்கிக் கொள்ளட்டும். விசாரணைக் கைதிக்குத் தடுப்புக் காவல் கைதிக்குள்ள தபால் வோட்டையேனும் பார்லிமெண்டு அளிக்கட்டும். இவற்றில் எதற்கும் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டுவதில்லை. பெரும் பொருள் செலவும் இல்லை.

ஸ்திரீகள் விஷயத்திலே இத்தேசம் ஒன்றைக் கண்கூடாகக் கண்டது. தடைகளை அகற்றினால் ஜனங்கள் வருவார்கள். 1962-ல் பின்தங்கியவர்கள் 2019-ல் முந்தினார்கள். அதே நம்பிக்கையைச் சாரத்தில் நிற்கும் கொத்தனிடமும், ஹாஸ்டலில் படிக்கும் இளைஞனிடமும், ஜாமீனின்றிக் காத்திருக்கும் ஏழையிடமும் வைப்பதில் என்ன தவறு? வராதவர்களை நிந்தித்து ஒரு தேர்தலைக் கழித்துவிடலாம். அவர்கள் வருவதற்கு வழி செய்த பின்னரே குடியரசு என்னும் பெயருக்கு நாம் முழு உரிமை கொண்டாடலாம்.